முன்பக்கக் கோணம்

இளவெயிலில் எடுக்கும் வீடியோதான் நன்றாக வரும், ஐயா. பயிற்சி மையத்தில் பன்னிரண்டு வருடம் கேமரா பிடித்தவன் சொல்கிறேன். தினமும் லென்ஸைத் துடைத்து, கண்மூடி ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

மும்முறைத் தாண்டுதலில் ஓடிவந்து முதல் துள்ளலில் இறங்கும்போது, பாரம் முழுவதும் ஒற்றை முழங்காலில் விழும். பக்கவாட்டில் நின்று எடுத்தால் தூரம் தெரியும். முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்பது மணல்குழிக்கு அப்பால், முன்பக்கம் நின்று எடுத்தால்தான் தெரியும்.

குருவிக்குச் சாய்ந்தது. அவள் உடம்பைப் பார்த்துக் கோச் வைத்த பெயர் அது. கோச்சுக்கு வாய் நீளம். "பறக்கச் சொன்னா மூட்டை மாதிரி விழுறியேடி" என்று மைதானமே கேட்கத் திட்டுவார். பாவம், இதற்கும் திட்டு வாங்குவாளே என்று, அவருக்கு அனுப்பும் வீடியோக்களில் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டேன். சின்ன உபகாரம்தான்.

"முன்னாடி எடுத்தது எங்கய்யா?" என்றார் கோச்.

"மணல் தெறிச்சு லென்ஸ் கீறுது சார். பக்கவாட்டுல எடுத்ததே பளிச்சுன்னு இருக்கு."

"சரி, உன் கேமராவைப் பொத்திப் பொத்தி வச்சுக்கோ. பிள்ளைங்க எக்கேடு கெட்டா என்ன?"

வேடிக்கையாகத்தான் சொன்னார். இருவரும் சிரித்தோம்.

குருவி நல்ல பெண். கேமரா ஸ்டாண்டை எனக்கு முன்னால் ஓடிவந்து தூக்குவாள். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, இறங்குறப்போ முட்டி சுருக்குன்னு இழுக்குது. வீடியோல ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்லம்மா. ரயில் தண்டவாளம் மாதிரி நேரா இருக்கு."

"அப்போ எனக்குத்தான் பயமா?"

"பயம்தான். கும்பிட்டுட்டுத் தாண்டு, சரியாப் போயிடும்."

அவள் கும்பிட்டுவிட்டே தாண்டினாள். நம்பிக்கையுள்ள பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனது நிறைந்துவிடும்.

எங்கள் மையத்திலிருந்து ஒருத்திதான் தேசியத் தேர்வுக்குப் போகலாம். குருவி முதலிடம், என் மகள் இரண்டாமிடம். இதையும் அதையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்று தெரியவில்லை. என் மகளுக்கும் ஒருமுறை முழங்கால் சாய்ந்தது உண்மைதான். அன்றே கோச்சிடம் காட்டினேன், இரண்டு வாரத்தில் சரிசெய்துவிட்டார். பெற்றவன் அதைக்கூடச் செய்யக்கூடாதா?

முன்பக்கம் எடுக்கவே இல்லையா என்று கேட்டீர்கள். எடுத்தேன், ஐயா. மூன்று மாதம், ஒருநாள் விடாமல். எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, தேதி வாரியாக. தினமும் மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். முதல் மாதம் விரற்கடை அளவு சாய்ந்தது. கடைசி வாரம் நான்கு விரல். சவ்வு எந்த வாரம் அறும் என்று ஓரளவு என்னால் சொல்ல முடிந்தது. அனுபவம்தான்.

அறுந்த சத்தம் கேமராவிலும் பதிவாகியிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு வண்டிவரை ஓடியவன் நான்தான். ஆஸ்பத்திரியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க மனசு யாருக்கு வரும் அண்ணா?" என்றார்.

என் கணக்கு ஒன்றில்தான் தப்பியது. தேர்வுக்கு முந்தின நாள் அறும் என்று நினைத்திருந்தேன். நான்கு நாள் முன்னதாகவே அறுந்துவிட்டது. என் மகள் தயாராவதற்கு அந்த நான்கு நாள் போதுமாக இருந்தது.

நல்லது செய்பவனைக் கடவுள் கைவிடுவதில்லை, ஐயா.