மணலில் ஒரு பனிக்காலம்

குளிர்காலத்துக்கான கோட்டுகளைக் கடும் வெயில் காலத்தில்தான் படம் பிடிப்பார்கள். இது பலருக்குத் தெரியாது, ஐயா. குளிர் தொடங்கும்போது கடையில் கோட்டு தொங்க வேண்டும். அதற்கு முன்பே விளம்பரப் புத்தகம் அச்சாகி வந்திருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே போனால் எங்கள் வேலை சரியாக உச்சி வெயிலில் வந்து விழும்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். அந்தப் போலீஸ் ஃபைலை மூடி வைப்பதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் நான் என்ன செய்தேன் என்பது புரியாது. என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே கேட்டீர்களானால் எனக்குச் சொல்வது எளிது.

முதலில் பனியைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளை மணல் பாலையில் பனி செய்யலாம். கேமராவிடம் சில பொய்கள் சொன்னால் போதும். எதைக் காட்டினாலும் அது சாம்பல் நிறம் என்றே கேமரா நம்பும். அதனால் வெள்ளை மணலைக் காட்டினால் அழுக்கு வேட்டி மாதிரி எடுத்துத் தரும். அதன் பேச்சைக் கேட்காமல் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விட வேண்டும். பிறகு, 'நீ இப்போது மஞ்சள் விளக்கின் கீழே இருக்கிறாய்' என்று அதனிடம் சொல்ல வேண்டும். மஞ்சளைச் சரிக்கட்ட அது நீலத்தைக் கூட்டும். மஞ்சள் விளக்குத்தான் அங்கே இல்லையே, ஆகவே எல்லாம் நீலம் பாய்ந்துவிடும். மணல் பனியாகிவிடும். கண்ணெதிரே அது நடக்கும்போது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் இதெல்லாம் உச்சிப் பொழுதில்தான் பலிக்கும். காலையிலோ மாலையிலோ மணலின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு நிழல் விழுந்து, இது வெறும் மணல் என்று காட்டிக்கொடுத்துவிடும். சூரியன் தலைக்கு நேரே வந்தால் அந்த நிழல்கள் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண்ணைக் கம்பளிக் கோட்டோடு நடு மத்தியானத்தில் பாலையில் நிறுத்தியதற்குக் காரணம் கல்மனசு அல்ல, நிழல்தான். மேலிருந்து அடிக்கும் வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும் என்பதால், வெள்ளித் தாள் ஒட்டிய பலகை ஒன்றையும் அவள் காலடியில் சாய்த்து நட்டிருந்தேன். அதாவது அவளுக்கு வெயில் கீழிருந்தும் அடித்தது.

அன்று நாங்கள் நான்கு பேர். நான், மேக்கப் அக்கா, வண்டி ஓட்டுகிறவர், அந்தப் பெண். உயரமாக இருப்பதால் எல்லோரும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவோம். அவளே போனில் "நெட்டை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். புத்தகத்தின் அட்டையில் வரப்போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி அவளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "நெட்டை, அந்தக் கோட்ட கொஞ்சம் குடு. ஏசி தாங்க முடியல."

"வாங்கண்ணா, மாத்திக்கலாம். நீங்க இங்க வந்து நில்லுங்க, நான் அங்க படுத்துக்கறேன். ஆனா உங்க தொப்பைய பார்த்தா இந்தக் கோட்டு அழுதுடும்."

"வாய மூடுடி, உதட்டுச் சாயம் போகுது" என்று அக்கா அவள் நெற்றியை ஒற்றி எடுத்தார்.

எங்கள் தொழிலுக்கு எதிரி வேர்வைதான். பனியில் நிற்பவளுக்கு வேர்க்கக் கூடாது. குடிக்கிற தண்ணீரெல்லாம் முகத்தில்தான் வந்து நிற்கும் என்பதால் வாயை நனைத்துக்கொண்டால் போதும் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். அதட்டவில்லை, தங்கச்சியிடம் சொல்வது போலத்தான் சொன்னேன். எங்களிடம் ஒரு குடை இருந்தது. சூடேறினால் கேமரா தானாக அணைந்துவிடும் என்பதால் குடையை அதற்குப் பிடித்து வைத்திருந்தேன். ஐஸ் பெட்டியும் அதன் பக்கத்தில்தான் இருந்தது. ஐஸைத் துணியில் சுற்றி அவ்வப்போது கேமராவின் முதுகில் வைப்பேன். ஒரு தடவை நெட்டை அதைப் பார்த்துவிட்டு, "அடுத்த பிறவியில கேமராவா பொறக்கணும் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

கொஞ்ச நேரத்தில் அக்கா, "தம்பி, இப்பத்தான் இவ முகம் சொன்ன பேச்சைக் கேக்குது. வேர்க்கவே இல்ல பாருங்க" என்றார். கன்னத்துக்குப் பூசும் சிவப்பும் தேவைப்படவில்லை. கன்னம் தானாகவே சிவந்திருந்தது. என் நீலத்தின் வழியாகப் பார்க்க, குளிர்காற்று அறைந்த கன்னம் போலவே இருந்தது.

அப்போது நெட்டை, "சார், குளிருது" என்றாள்.

வண்டிக்காரர் கை தட்டினார். "இவளுக்குப் பரிசே குடுக்கலாம்யா." அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன வருஷம் வேறொரு வேலையில் எனக்கே அது வந்தது. கொளுத்தும் வெயிலில் பல் தந்தியடிக்க நடுங்கினேன். பிழைத்து எழுந்ததும் டாக்டரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை எனக்குத் தூக்கம் வராது. அவர் நல்ல மனிதர், உட்கார்ந்து விளக்கினார். மண்பானை வெளியே கசிகிறவரைதான் உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்கும், உடம்பும் அப்படித்தான் என்றார். வேர்வை நின்றால் உள்ளே கொதிக்கத் தொடங்கும். தோல் சிவந்து காய்ந்துவிடும். சூட்டை அளக்கிற மூளையே சூடாகிவிடுவதால் கணக்குத் தப்பி, குளிர்கிறது என்று சொல்லும். "வெயில்ல நிக்கறவர் குளிருதுன்னு சொன்னா பேசிட்டு நிக்காதீங்க. துணிய எடுங்க, நிழலுக்குக் கொண்டு போங்க, கழுத்திலயும் அக்குள்லயும் ஐஸ் வைங்க. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் உயிர்ல இருந்து கழியுது" என்றார்.

எனக்கு அது மனப்பாடம். ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வண்டி, ஏசி ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. நான் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

குளிரை நடிக்கவே முடியாது, ஐயா. எல்லோரும் தோளைத் தூக்குவார்கள், கையைத் தேய்ப்பார்கள். உண்மையாகவே குளிரை உணர்கிறவர் அதிகம் அசைய மாட்டார். கண்ணுக்குக் கீழே தசை மெல்ல இறுகும், பார்வை எங்கோ போய்விடும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் தேடிய முகம் அது. அன்று அது என் எதிரே வந்து நின்றது.

"அப்படியே இரு. ரொம்ப நல்லா வருது" என்றேன். நன்றாக வருகிறது என்று சொன்னால் அவள் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். அவளும் நின்றாள். இன்றைக்கே முடித்துவிட்டால் நாளைக்கு மறுபடியும் அவள் இந்தக் கோட்டுக்குள் வேக வேண்டியிருக்காதே என்று அவளுக்காகவும் யோசித்ததாக ஒரு ஞாபகம். அதைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

அக்கா தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "தம்பி, பொண்ணு ஒரு மாதிரி இருக்கா. போதும்பா."

"அக்கா, ஃப்ரேமுக்குள்ள நிக்கறீங்க."

"ஒரு வாய் தண்ணியாவது..."

"அஞ்சு நிமிஷம்கா. தள்ளிக்கோங்க."

தள்ளிக்கொண்டார். படத்துக்குள்ளே நிற்கிறீர்கள் என்று சொன்னால் எங்கள் தொழிலில் தள்ளிக்கொள்ளாதவர்கள் கிடையாது. அக்கா உங்களிடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அழுததாகக் கேள்விப்பட்டேன். அதை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அவர் தண்ணீர் கொண்டு வந்தார், குறுக்கே நின்று அதைத் தடுத்தவன் நான்.

பிறகு நெட்டை, யாரோ கூப்பிட்டது போல இடது பக்கம் திரும்பினாள். அங்கே மணலைத் தவிர ஒன்றும் இல்லை. இறுகியிருந்த முகம் இளகியது. லேசாகச் சிரித்து, "வரேன்மா" என்றாள்.

நான் அழுத்தினேன். தேடிக்கொண்டிருந்த படம் கிடைத்துவிட்டது என்று அழுத்திய விரலுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் இன்னும் சில எடுத்தேன். ஒன்றில் அவள் கால் மடங்கத் தொடங்கியிருக்கிறது. அதையும் உங்களிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் விழுந்ததும் நான் எல்லாம் சரியாகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தூக்கிக்கொண்டு ஓடியது உண்மை. அதற்கு முன்னால் நடந்ததை யாரும் உங்களிடம் சொல்லவில்லை. அக்கா கத்தரிக்கோலை எடுத்து, "கோட்ட வெட்டிடட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்கா, பட்டனக் கழட்டிடலாம், அதுதான் சீக்கிரம்" என்றேன். அது சீக்கிரம் இல்லை. கம்பெனி அனுப்பியிருந்தது அந்த ஒரே ஒரு மாதிரிக் கோட்டுதான். பட்டன்கள் பெரியவை, துளைகள் இறுக்கமானவை. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

மறுநாள் அவள் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன். நீங்களும் கேட்கவில்லை, யாருக்கும் சந்தேகமும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தார். "என் பொண்ண தூக்கிட்டு ஓடினது நீங்கதானாமே" என்று சொல்லி, கடைசியாக எடுத்த படம் இருந்தால் காட்டச் சொன்னார். காட்டினேன். எதைக் காட்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை, அது ஏற்கனவே திரையில்தான் இருந்தது.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நெஜமாவே பனியில நிக்கற மாதிரி இருக்கா" என்றார். பிறகு திரையில் அவள் முகத்தின் மேல் விரலை வைத்து, "இப்படித்தான் வீட்டுக்குள்ள வரும்போது பார்ப்பா. இங்க யாரைப் பாக்கறா தம்பி?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லம்மா. நான்தான் அப்படிப் பாக்கச் சொன்னேன்" என்றேன்.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.