ஏழாம் நிமிஷத்தில் யாருமில்லை

— சராசரி அழுகை ஏழு நிமிஷம்னு உன் அட்டவணையிலேயே போட்டிருக்கேடி. இது தெரிஞ்சும் பிள்ளையைக் காப்பகத்துல விட்டுட்டு, திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணுமா?

— அக்கா, அந்த ஏழு நிமிஷத்தையே பிடிச்சுத் தொங்காதே.

— விட்டுட்டுக் கிளம்பினதும் ஒவ்வொரு குழந்தையும் எவ்வளவு நேரம் அழுதுச்சுன்னு அங்கேயே உட்கார்ந்து குறிச்சவ நீ. உன் ஆராய்ச்சியை நீயே நம்பலேன்னா எப்படி?

— நம்புறேன். ஆனா சராசரி எல்லாரையும் ஒரே உருண்டையா உருட்டிடும். இந்தப் படத்தைப் பாரு. கீழ்க்கோட்டுல நிமிஷம், ஒரு குழந்தைக்கு ஒரு புள்ளி. ஏழு போட்ட இடத்துல எத்தனை புள்ளி இருக்கு?

— ஒண்ணுகூட இல்லையே. இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல்.

— அதேதான். ஒரு கும்பல் ரெண்டு மூணு நிமிஷத்துல அடங்கிடுது. இன்னொண்ணு பத்தைத் தாண்டியும் ஓயல. ரெண்டையும் கூட்டி வகுத்தா, ஏழு நிமிஷம் அழுற குழந்தை ஒண்ணு பொறக்குது. அப்படி ஒரு குழந்தை அங்க கிடையவே கிடையாது.

— சரி மேதாவி, சிவப்பும் நீலமும் எதுக்கு?

— நீலம்னா, கொண்டுவந்து விட்டவங்க டாட்டா காட்டிட்டு நேரா கிளம்பிட்டாங்க. சிவப்புன்னா, ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துக்கிட்டே நின்னாங்க.

— ரொம்ப நேரம் அழுததெல்லாம் சிவப்பா இருக்கே. அப்போ எட்டிப் பார்க்கிறதாலதான் அழுதுங்களா?

— அவசரப்படாதே. குழந்தை அழுறதைப் பார்த்துட்டு, போக மனசு வராமலும் நின்னிருக்கலாம். எது முந்தின்னு புள்ளி சொல்லாது.

— நானா இருந்தா ஜன்னலோட ஒட்டிக்கிட்டுதான் நிப்பேன்.

— தெரியும். கம்பியையே பெயர்த்துடுவே.

— போடி. ஆமா, இது என்ன, ஓரத்துல தனியா ஒரு நீலப் புள்ளி? பேனா பட்டுடுச்சா?

— இல்ல, அது சைபர். அந்தக் குழந்தை அழவே இல்ல. பொம்மைக் கூடையைக் கவுத்துட்டு அதுக்கு நடுவுல உட்கார்ந்துட்டான்.

— அடேங்கப்பா. யாரு பெத்த பிள்ளையோ, அவ கொடுத்து வெச்சவ.

— கோவிச்சுக்காதே அக்கா. அது நம்ம குட்டிதான். போன வாரம் நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்தப்போ, பழகிப் பார்க்கட்டும்னு மாமா கொண்டுவந்து விட்டார். இனிமே நிம்மதியா வேலைக்குப் போகலாம்ல?

— என்னைத் தேடவே இல்லையாடி அவன்?