கள்ளிக்குப்பத்து ஒற்றைச் செடி

எதிர்வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் கிள்ளுவேன். செடி விஷயத்தில் நான் அவ்வளவு கறார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் எனக்கும் பக்கத்து வீட்டுப் பார்த்தசாரதிக்கும் ஒரே பைத்தியம்: டிசம்பர் பூவும் அதன் காட்டுச் சொந்தங்களும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தால் பட்டாபிராம் தண்டவாளத்தோரம் மஞ்சள் செம்முள்ளி, பாரிவாக்கம் ஏரிக்கரையில் முள்ளில்லாத ஊதா என்று தேடிப் போவோம். ஒன்றை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்குள் அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டுவோம். பத்துச் செடி இருந்தால்தான் ஒன்றில் கை வைப்பது என்று விதி போட்டதே நான்தான்.

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில், கள்ளிக்குப்பத்தில் மனை பிரித்துக்கொண்டிருந்த பொட்டலில் பார்த்தசாரதி ஒன்றைக் கண்டுபிடித்தான். வெள்ளைப் பூ, தொண்டையில் ஊதாக் கோடு. எங்களிடமிருந்த புத்தகம் எதிலும் அது இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கீது மச்சான். காய் முத்தட்டும், வெதய எடுத்து நம்ம ஊட்டாண்ட போடலாம். அதுவரிக்கும் கைய வெச்சிராத" என்றான். சுற்றிலும் முள்வேலி கட்டினான். ஷிஃப்ட் முடிந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அப்படிச் செய்ததில்லை.

எனக்குத்தான் கவலை. மனை அளப்பவர்கள் நடமாடும் இடம், ஆடு மேயும் இடம். காய் முற்ற இன்னும் பத்து நாளாவது ஆகும். அதுவரை அந்த உயிரை வெட்டவெளியில் விட்டுவைக்க மனசு கேட்கவில்லை. அவன் காலை ஷிஃப்டுக்குப் போனபின் போய், ஒரு வேர்கூட அறாமல் தோண்டி எடுத்துவந்து, டிரங்குப் பெட்டிக்கடியில் அழுத்திவைத்தேன்.

பார்த்தசாரதி குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த, கள்ளிக்குப்பத்துப் பெரியவர் வேம்புலியின் ஆட்டைக் காட்டியது நான்தான். அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

"எம் ஆடு முள்ளத் தாண்டாது நைனா. அப்படியே தின்னாலும் வேரையுமா தோண்டிகினு போவும்?" என்று வேம்புலி மன்றாடினார். நியாயமான கேள்விதான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பார்த்தசாரதி தினம் தினம் போட்ட சண்டை தாங்காமல், ஆட்டைப் பூந்தமல்லிக் கறிக்கடைக்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டார். அந்த ஞாயிறு நானும் அங்கே அரைக் கிலோ வாங்கினேன். கறி இளசாக இருந்தது.

செடி அழகாகக் காய்ந்திருக்கிறது. பச்சைக் காய் இரண்டும் சுருங்கிவிட்டன, இனி முளைக்காது. அட்டையில் 'மிகவும் அரிது' என்று எழுதுவதற்கு முன், பொய் எழுதக் கூடாதே என்று ஆறு ஞாயிறு கள்ளிக்குப்பம் முழுக்கத் தேடினேன். வேறு ஒன்றுகூட இல்லை.

எடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விட்டுவைத்திருந்தால் இந்நேரம் அந்த ஆடு தின்றிருக்கும்.