கையெழுத்து இல்லாத சதுரங்கம்

யோர்டாங்கா: ...எழுத்துக்கான ஃபாண்ட் பேக்கேஜ் வந்திருக்கு, நல்லது. ஆனா இது என்னடா ஓஸ்னியேல்? சதுரங்கமா?

ஓஸ்னியேல்: ஆமா... பசங்க விளையாட.

யோர்டாங்கா: நாலு ஜிபிக்கா? குதிரைக்குக் கொள்ளும் சேர்த்தே குடுக்கிறானா?

ஓஸ்னியேல்: சான்ட்டா கிளாராவுல இருந்து லாரியில நின்னுக்கிட்டே வந்திருக்கேன். இந்த டிஸ்க்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு! முதல்ல ஒரு வாய் காபி குடேன்.

யோர்டாங்கா: காபி அப்புறம். இந்த டிஸ்க்குல இருக்கிற சாஃப்ட்வேரை என் சர்வர்ல ஏத்தினாத்தான் ரெமேதியோஸ்ல இருக்கிற அத்தனை லினக்ஸ் கம்ப்யூட்டருக்கும் சோறு. நம்ம ஊர் இணையத்துல இறக்கினா கிறிஸ்துமஸே வந்துடும்.

ஓஸ்னியேல்: அதான் சொல்றேன், சீக்கிரம் ஏத்து. அந்தச் சதுரங்கத்தை மட்டும் விட்டுடு.

யோர்டாங்கா: எப்படி விடறது? எல்லா பேக்கேஜ்லயும் செஞ்சவங்க டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. இதுல மட்டும் இல்ல. வைரஸா இருந்தா?

ஓஸ்னியேல்: அப்ப அழிச்சுடு... ஐயோ, இல்ல! அழிக்காத!

யோர்டாங்கா: ஏன் இப்படி வேர்க்குது உனக்கு? கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது...

ஓஸ்னியேல்: வயிறு சரியில்ல.

யோர்டாங்கா: சரி, திறந்தே பாத்துடறேன்.

ஓஸ்னியேல்: கையை எடு! சொல்றேன்... அது ரெண்டு பேட்டைக்கும் நடக்கிற தேர்ப் போட்டிக்கு எங்க கார்மென் பேட்டை செய்யப்போற கிறிஸ்துமஸ் தேரோட வரைபடம். சான்ட்டா கிளாராவுல ஒரு ஓவியர் ரகசியமா வரைஞ்சு குடுத்தது.

யோர்டாங்கா: அடப்பாவி! உங்க பருந்துக் கொடிக் கூட்டத்து ரகசியத்தைக் கொண்டுவந்து சேவல் மடியில வச்சிருக்கியே! நான் சேவல் கொடி பிடிக்கிற சான் சல்வடோர் பேட்டைக்காரிடா!

ஓஸ்னியேல்: தெரியாதா? இறங்கினதும் எடுத்துடலாம்னுதான் இருந்தேன். நீ தெருமுனையிலயே வந்து டிஸ்க்கைப் பிடுங்கிட்ட!

யோர்டாங்கா: இப்ப ஒரு பொத்தானை அமுக்கினா ஊரே இறக்கிப் பாக்கும்.

ஓஸ்னியேல்: உன் கால்ல விழறேன் தாயே. வேற நகல் கிடையாது. நாளைக்கு ஆசாரிங்க மரம் அறுக்கணும். இது வெளிய போச்சுன்னா எங்கம்மாவே என்னை வீட்ல சேர்க்க மாட்டா.

யோர்டாங்கா: போன வருஷம் மாதிரி தோக்கத்தானே போறீங்க. அதுக்கு எதுக்கு மரம்?

ஓஸ்னியேல்: யாரு தோத்தது? நாங்கதான் ஜெயிச்சோம்!

யோர்டாங்கா: பொத்தான்...

ஓஸ்னியேல்: நீங்கதான்! நீங்கதான் ஜெயிச்சீங்க!

யோர்டாங்கா: அப்படி வா. ஜன்னல்கிட்ட போய் சேவல் மாதிரி கூவு.

ஓஸ்னியேல்: நானா? எதிர்க்கடையில எங்க மாமா சவரம் பண்ணிக்கிட்டு இருக்காரு!

யோர்டாங்கா: அப்ப இன்னும் சத்தமா.

ஓஸ்னியேல்: ...கொக்கரக்கோ.

யோர்டாங்கா: காதுல விழல.

ஓஸ்னியேல்: கொக்கரக்கோஓஓ! போதுமா? சோப்பு மூஞ்சியோட எழுந்து வர்றாரு!

யோர்டாங்கா: இந்தா, உன் பென்டிரைவ்ல மாத்திட்டேன். டிஸ்க்குல அழிச்சாச்சு. திறந்து பாக்கல, சத்தியமா.

ஓஸ்னியேல்: நீ தங்கம்! ஆமா... ஆயிரக்கணக்குல பேக்கேஜ் கிடக்கு. இதை மட்டும் எப்படி உடனே மோப்பம் பிடிச்ச?

யோர்டாங்கா: ஒளிச்சு வச்சவன் கையெழுத்துப் போட மறந்தா மாட்டத்தான் செய்வான். நான் மறக்கறதில்ல. வாராவாரம் உன் டிஸ்க்குல என் கையெழுத்தோட அந்த ஃபாண்ட் பேக்கேஜ் போயிட்டுப் போயிட்டு வருதே, அதுக்குள்ள என்ன இருக்குன்னு நினைச்ச? எங்க ஓவியரும் சான்ட்டா கிளாராதான்டா. சேவல் தேரை ஜூலையிலிருந்து சுமக்கறது நீதான்!