பதினொரு வினாடி

— கதவைச் சாத்துடீ சுன்னிவா, குளிர் உள்ளே வருது. அந்தப் பலகையைத் தொடாதே. மெழுகை நானே சுரண்டி வைக்கறேன்.

— என் பனிச்சறுக்குப் பலகையை எனக்குச் சுரண்டத் தெரியாதா அக்கா? ஜெயிச்சவ நீ. பலகைக்கு மெழுகு போடற கொட்டகையிலே உனக்கு என்ன வேலை? வெளியே எல்லாரும் வாஃபிள் தின்னுக்கிட்டு உன்னைத்தான் தேடறாங்க.

— ஆமா ஆமா, என்னைத் தேடறாங்க! நான் முடிவுக் கோட்டைத் தாண்டினப்ப நாலு பேர் கை தட்டினாங்க. பதினொரு வினாடி கழிச்சு நீ வந்தே, ஊரே கத்துச்சு. அம்மா காப்பி ஃப்ளாஸ்க்கை அப்படியே பனியிலே போட்டுட்டு ஓடி வந்தா. யார்கிட்ட? ரெண்டாவதா வந்தவகிட்ட.

— கேளேன், பத்து கிலோமீட்டரும் நான் கையாலேயே வந்தேன். மேட்டுல கால் நிக்கவே இல்லை. ஒரு அடி வெச்சா ரெண்டு அடி பின்னாடி வழுக்குது. கழியை ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துக்கிட்டு வந்தேன். இதோ பாரு, கையுறையைக் கழட்டினா தோலும் கூடவே வருது.

— ஐயோ! காட்டாதே, உள்ளே வை.

— வலிக்கலை.

— பொய். பாதியிலே நின்னிருக்கலாம்ல? ஓரமா உட்கார்ந்திருந்தா யார் உன்னைக் கேட்கப்போறாங்க? உனக்கு எதையும் விடவே தெரியாது. அதைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்தெரிச்சல்.

— உனக்கு வயித்தெரிச்சலா? நம்ம கிளப்புக்குன்னு ஒரே ஒரு இடம். மாவட்ட அணிக்கு நீ போறே, நான் போகலை. எரிய வேண்டியது என் வயிறு.

— உனக்கு என்னடீ தெரியும்? உனக்குப் பத்து வயசு ஆகற வரைக்கும் வீட்டுல நிம்மதி இருந்தது. அந்த வயசுல சறுக்கின குழந்தைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கோப்பை, யார் முதல்னு யாரும் எழுதி வெக்கலை. அடுத்த வருஷம் கடிகாரம் வெச்சு உன் நேரத்தைக் குறிச்சாங்க. போச்சு! அன்னிலேருந்து சாப்பாட்டு மேசையிலே உன் பேச்சுத்தான். சுன்னிவாவோட மூச்சைப் பாரு, சுன்னிவாவோட தோளைப் பாரு. அப்பா கடல்லே வேலை பார்க்கற எண்ணெய்க் கிணத்து மேடையிலேருந்து போன் பண்ணுவார். நான் எடுப்பேன். முதல் கேள்வி என்ன தெரியுமா? சுன்னிவா இன்னிக்கு எத்தனை நிமிஷம்?

— அப்பா உன்னையும் கேட்பார்.

— கேட்பார், போனை வைக்கறதுக்கு முன்னாடி. கோச் ஹால்வார் மட்டும் என்ன? மூணு வருஷத்துல என்னை ஒரே ஒரு தரம் பாராட்டினார். 'டோருன், உன் தங்கச்சி பலகைக்கு நீ ரொம்ப நல்லா மெழுகு போடறே.' நான் போட்டியிலே ஓடறவள்னே அந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்லை.

— நல்லாத்தான் போடுவே. இன்னிக்கு ஏதோ பனி மாறிடுச்சு, அவ்வளவுதான்.

— பனியும் மாறலை, ஒண்ணும் மாறலை. எனக்காக நீ சாக்கு சொல்ல வேண்டாம். பலகை நடுவிலே, கால் ஊன்றுற இடத்திலே, மேட்டுல வழுக்காம இருக்கப் பிடிமெழுகு போடணும் இல்ல? போடலை. முன்னாடி பின்னாடி போடற வழுக்கு மெழுகையே அங்கேயும் தேய்ச்சேன். நிதானமா, அழகாத் தேய்ச்சேன். பொறாமைடீ. அதுக்கு வேற பேரே இல்லை.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— கிளம்பறதுக்கு முன்னாடி சின்ன மேட்டுல ஏறிப் பார்த்தேன். வழுக்குச்சு. பலகையைத் திருப்பினேன், நடுவிலே கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது. நீ மறக்கிற ஆளா? அப்பவே புரிஞ்சிடுச்சு.

— அப்போ எவ்வளவு நேரம் இருந்தது?

— இருபது நிமிஷம். பையிலே நீலப் பிடிமெழுகு டப்பாவும் இருந்தது. அஞ்சு நிமிஷத்துல தேய்ச்சிருக்கலாம்.

— பைத்தியமாடீ நீ? ஏன் தேய்க்கலை? எனக்காக விட்டுக் கொடுத்தியா? பெரிய மனசா? அப்படி மட்டும் சொல்லு, இந்தச் சுரண்டியை உன் மேலேயே எறிவேன்.

— விட்டுக் கொடுக்கறதா! உனக்கா! அந்தப் பலகையை வெச்சே உன்னைத் தோற்கடிக்கணும்னு நினைச்சேன். திருட்டுத்தனம் பண்ணியும் என்னை ஜெயிக்க முடியலைன்னு உனக்குத் தெரியணும். அப்புறம் ஜன்மத்துக்கும் நீ பலகை மேலே கால் வெக்கக் கூடாது. ஒவ்வொரு மேட்டுலேயும் அதை நினைச்சுத்தான் கழியை ஊன்றினேன்.

— அடிப்பாவி! இந்தப் பூனை மூஞ்சிக்குள்ளேயா இவ்வளவும் இருந்தது?

— உனக்கு மட்டும்தான் பொறாமை வரணுமா, டோருன்? எனக்குன்னு எப்பவாவது ஒரு புதுப் பலகை வந்திருக்கா? உன் பூட்ஸ், உன் குல்லாய், உன் கிளப் சட்டை. உன் பேரைப் பிரிச்சுட்டு என் பேரை அம்மா தைப்பாங்க. பழைய ஊசித் துளை அப்படியே தெரியும். எல்லாத்தையும் நீ முதல்ல தொடுவே, மிச்சம் எனக்கு. இது ஒண்ணுலயாவது நான் முதல்ல தொடணும்னு பார்த்தேன். பதினொரு வினாடி! வெறும் பதினொரு வினாடி!

— அழாதே. கையைக் கொடு, துணி சுத்தி விடறேன்.

— விடு, தொடாதே. முதல்ல நான் சொல்றதைக் கேளு. ஹால்வார்கிட்ட போய் ஒப்புக்கறேன், மன்னிப்புக் கேட்கறேன்னு கிளம்பிடாதே. சொன்னா உன் பேரை அடிச்சுட்டு ரெண்டாவதா வந்த என்னை அனுப்புவாங்க. நீ போட்டுக் கழிச்சதை எல்லாம் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டுப் போட்டுக்கிட்டேன். இந்த இடத்தை மட்டும் உன்கிட்டேருந்து வாங்க மாட்டேன். நீயே போ. அங்கே தினமும் காலையிலே பலகையைக் கட்டறப்ப இன்னிக்கு நடந்ததை நினைச்சுக்கோ.

— அது முடியாது சுன்னிவா.

— ஏன் முடியாது? வாயைத் திறக்காம இருக்கறது அவ்வளவு கஷ்டமா?

— நீ உள்ளே வர்றதுக்கு முன்னாடியே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். அதோ, ஒலிபெருக்கியிலே உன் பேரைத்தான் கூப்பிடறாங்க. போ. இந்த இடத்தையும் போட்டுக்கோ.