சாம்பல் மேஜர் வெளியே நின்ற இடம்

நாற்பதாவது இதழா, நாற்பத்தொன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சித்திரக்கதை விஷயத்தில் என் நினைவு இப்படித் தடுமாறியதில்லை. எரியும் சுரங்கத்தின் முன்னால் இரண்டு நாயகர்கள். இடிக்கரன் சுவரை ஒரே குத்தில் உடைத்து முதல் ஆளாக உள்ளே பாய்வான், கூரை சரியும். சாம்பல் மேஜர் வெளியே நின்று, சரியப்போகும் கூரையையும் சேர்த்து யோசித்து ஆட்களை அனுப்புவான்.

தண்டலத்திலிருந்து வல்லம் வடகால் வரை கம்பெனி பஸ்ஸில் இதே பேச்சுதான். எழிலரசன் இடிக்கரன் கட்சி, நான் சாம்பல் மேஜர் கட்சி. அவன் இரும்புத் தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் லைனின் லீடர். தசையைத் தலைமை என்று நம்புகிறவர்களின் சிரிப்பு அவனுக்கு.

"இன்னா மேஜரே, டீ குடிக்கக்கூட பிளான் போட்டுகினு கீறியா?" என்பான். பஸ் சிரிக்கும். மூன்று மாதம் முன்பு சேர்ந்த லோகேஷும் சிரிப்பான். எழிலரசன் அதோடு விடமாட்டான்: "மொத ஆளா உள்ள போறவன்தாம்பா லீடர். வெளிய நிக்கறவன் வாட்ச்மேன்."

நான் இறங்கும்வரை ஜன்னலைப் பார்ப்பேன்.

பிரஸ்ஸில் தகடு சிக்கினால் மெயின் சுவிட்சை அணைத்து, உள்ளே போகிறவன் அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்திருக்க வேண்டும். எங்கள் லைனில் சாவியை வெளியே நிற்பவனிடம் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் அவன் உடனே திறப்பான். அரை நிமிடம் மிச்சம். எழிலரசன் கொண்டுவந்த பழக்கம். அவனுடைய தந்திர அறிவு அவ்வளவுதான்.

அன்று காலை பத்தரைக்குத் தகடு சிக்கியது. எழிலரசன் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்தான். "நீ வெளியவே நில்லு மேஜரே, உனக்கு அதான் செட்டாவும்." பிரஸ்ஸின் பின்பக்கமாக இடுப்புவரை உள்ளே நுழைந்தான்.

ஒரு நிமிடம் சும்மா நின்றேன். பிறகு பூட்டைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டேன். முன்பக்கம் போய், பிரஸ்ஸை ஓட்டும் லோகேஷிடம், "எழில் வந்துட்டான், ஓட்டு" என்றேன்.

"நல்லா பாத்தியாண்ணா?"

"பாத்தேன்."

பட்டன்களை அழுத்தியவை லோகேஷின் கைகள். பூட்டையும் சாவியையும் எழிலரசனின் பெட்டியில் வைத்தேன். கோபம் எதுவும் இல்லை. முடிவில்லாமல் ஓடிய ஒரு விவாதத்தை முடித்துவைத்தேன்.

போன வாரம் இதழைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்றுதான். கடைசிப் பக்கத்தில் சாம்பல் மேஜர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுச் சுரங்கத்துக்குள் தனியாக நிற்கிறான். ஓவியர் தவறாக வரைந்திருக்கிறார்.

எழிலரசன் அங்கேயே இறந்தான். பூட்டுப் போடாமல் போனது அவன் தவறு என்று எழுதினார்கள். பார்க்காமல் ஓட்டியதாக லோகேஷுக்கு வேலை போனது, வழக்கும் நடக்கிறது. நான் சொல்லித்தான் ஓட்டியதாகச் சொன்னான்; யாரும் நம்பவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அவன் சொன்னது உண்மை. இப்போது லைன் லீடர் நான். உள்ளே போகிறவர்கள் சாவியைத் தங்கள் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. தலைவனுக்குக் கொடுக்கும் மரியாதை அது.