சாக்பீஸ் குறியைத் துடைத்த கைகள்

மதிப்புமிகு அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த தெய்வசிகாமணி அவர்களின் துணைவியார் திருமதி ருக்குமணி அம்மையார் அவர்களே, நெய்வேலி மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சங்கத்தின் உறுப்பினர்களே!

சங்கச் செயலாளர் என்ற முறையில் அனுதாபத் தீர்மானத்தை முன்மொழிய என்னை அழைத்தீர்கள். முன்மொழிகிறேன். ஆனால், அதற்கு முன் கோபப்பட எனக்கு அனுமதி வேண்டும்.

மன்றத்துக்குள் நுழையும்போது அம்மையார் என்னிடம் சொன்னார்: "தலையெழுத்துன்னு யாராவது பேசினா நான் எழுந்து போயிடுவேங்க." எனக்கு முன் பேசிய மூவரும் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள், காலன் கவர்ந்துகொண்டான் என்றார்கள். காலனா? நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டு முடிந்து இரண்டே கால் மணிக்கு, மந்தாரக்குப்பம் சாலையோரமாக நடந்துபோன தலைமை மெக்கானிக் தெய்வசிகாமணி அவர்கள்மீது ஒரு மோட்டார் சைக்கிள் மோதியது. அதில் மூவர் இருந்தனர். மழையில் சாலையெங்கும் களிமண். அறுந்த பிரேக் கம்பியைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள். இதில் காலன் எங்கே வந்தான்?

தெய்வசிகாமணி ஏன் நடந்து போனார்? தம் வண்டியின் பின்சக்கரம் ஆடுகிறதென்று, அன்று காலை தம் வண்டிக்கே பழுதுக் குறி போட்டிருந்தார்! நம்மில் யார் அப்படிச் செய்வோம்?

நான்கு ஆண்டுகளாக, ஒரு பைசா வாங்காமல், நம் சங்கத்தின் ஸ்டாண்டில் ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தவர் அவர். பழுதிருந்தால் பெட்ரோல் டாங்கின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார். "வாங்க சாக்பீஸ் வாத்தியாரே, இன்னிக்கு யாருக்கு நாமம்?" என்று கேலி செய்வார்கள். "உனக்குத்தான் மாப்ள. டயரைப் பாரு, உன் மண்டையாட்டம் வழுக்கையா கீது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே குறியைத் துடைத்துவிட்டு ஏறிப் போவார்கள்!

மோதிய கலியமூர்த்தியை மருத்துவமனையில் பார்த்தேன். கால் முறிந்து கிடக்கிறார். "ஈரக் கைக்குட்டையால தொடச்சேன் சார். எல்லாரும் தொடைக்கிறதுதானுங்களே" என்று அழுதார். அவர்மேல் வழக்கு வரும், வரட்டும். அந்த 'எல்லாரும்' யார்?

நானும்தான். குறி போட்ட வண்டியை ஸ்டாண்டிலிருந்து வெளியே விடக் கூடாது என்று தெய்வசிகாமணி ஜனவரியில் எனக்கு எழுதினார். "சங்க விதிமுறையில் இதற்கு இடமில்லை, பொதுக்குழு கூடும்போது பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுதிக் கையொப்பமிட்டேன். பிழையில்லாத பதில்! கோப்பில் ஒழுங்காக இருக்கிறது. அவர்தான் இல்லை.

அம்மா, தங்கள் கணவரின் பணி நிற்காது. நாளைக் காலை முதல் குறி போட்ட எந்த வண்டியும் ஸ்டாண்டைத் தாண்டாது. வாயிலில் நானே நிற்பேன். விதிமுறையைப் பொதுக்குழு பிறகு எழுதிக்கொள்ளட்டும்.

நாளைக்குத்தான் என்று நிம்மதி அடையாதீர்கள். செவ்வாயன்று அவர் குறித்தவை ஒன்பது வண்டிகள். ஒன்று அவருடையது, ஒன்று அவர்மேல் ஏறியது. மீதி ஏழும் இப்போது இந்த மன்றத்தின் வாசலில் நிற்கின்றன. ஒன்றிலாவது குறி இருக்கிறதா? ஒன்றாவது பழுது பார்க்கப்பட்டதா? அவருடைய இரங்கல் கூட்டத்துக்கே அதே வண்டிகளில் வந்திருக்கிறோமே, வெட்கமாயில்லையா!

மௌன அஞ்சலிக்கு எழுமுன் ஏழு சாவிகளும் இந்த மேசைக்கு வந்தாக வேண்டும். பெயர்களை வாசிக்கமாட்டேன், உங்களுக்கே தெரியும். அந்த ஏழில் ஒன்று, முன்விளக்கு எரியாத என் வண்டி. இதோ, என் சாவியை வைக்கிறேன்.

மற்ற அறுவரும் வாருங்கள். அதுவரை நான் உட்காரப்போவதில்லை.